எல்லிஸ் தெருவில் ஓர் அசனம்

சான்பிரான்சிஸ்கோவின் பவல் தெரு ரயில் நிலையத்தில் படியேறி வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு வரிசை. கேபிள் காரில் ஏறக் காத்திருக்கும் சுற்றுலாக் கூட்டம். தெரு முனையில் மரப்பலகை போட்ட வட்ட மேடை ஒன்று இருக்கிறது. வந்து நிற்கும் வண்டியை ஊழியர்கள் கையால் தள்ளியே சுற்றித் திருப்புகிறார்கள். அதைப் படம்பிடிக்க ஆளாளுக்கு முண்டுகிறார்கள். அங்கிருந்து பவல் தெருவில் கொஞ்சம் மேலேறி, எல்லிஸ் தெருவில் இடப்பக்கம் திரும்பி, இரண்டு குறுக்குத் தெரு கடந்தால் இன்னொரு வரிசை. தோளில் போர்வை, காலடியில் மூட்டை, சிலர் கையில் நாயின் கயிறு. காலைச் சாப்பாட்டுக்கு நிற்கிறார்கள். இதை யாரும் படம்பிடிப்பதில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த டீச்சர், ஜூலை மாத ஞாயிறு ஒன்றில் இந்த இரண்டு வரிசைகளையும் பத்து நிமிட இடைவெளியில் பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேல் தமிழ்ப்பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே அவர் டீச்சர். ஊரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஜூலையிலும் பல் கிட்டிக்கும் ஊர் அது. சேலைக்கு மேல் மகனுடைய கம்பளிச் சட்டை, அதற்கு மேல் ஒரு சால்வை. "எம்மா, அந்தப் பக்கமெல்லாம் தனியாப் போவாதீங்க, போனைக் கையில வச்சிக்கிட்டு நிக்காதீங்க" என்று நாலு தடவை சொன்ன மகன், கடைசியில் தானே கூட வந்துவிட்டான்.

வந்த காரணம் ஒரு சினிமா. 'தி பர்சூட் ஆஃப் ஹேப்பினஸ்' என்ற 2006ஆம் ஆண்டுப் படத்தில், வீடிழந்த தகப்பனும் சிறுவனும் ராத்திரி தங்க இடம் கேட்டு ஒரு சர்ச்சின் வாசலில் வரிசையில் நிற்பார்கள். தகப்பனாக நடித்தவர் வில் ஸ்மித். படத்தில் வரும் போதகர் நடிகர் அல்ல, அந்த ஆலயத்தின் நிஜப் போதகர் செசில் வில்லியம்ஸே தானாக வந்து போயிருப்பார். "அந்தக் கோயில் நெசமாவே இருக்கா?" என்று டீச்சர் கேட்டார். "இருக்கும்மா, நம்ம வீட்டுலேருந்து ரயில்ல போயிரலாம்."

கோயில் இருக்கும் பேட்டைக்குப் பெயர் டெண்டர்லாயின். மாட்டிறைச்சியில் மிக மென்மையான துண்டுக்கு அந்தப் பெயர். இந்த வட்டாரத்தில் வேலை பார்த்த போலீஸ்காரர்களுக்கு லஞ்சம் தாராளமாகக் கிடைத்ததால் அவர்கள் வீட்டில் அந்தக் கறிதான் வெந்தது, அதனால் வந்த பெயர் என்று ஒரு கதை உண்டு. இன்றைக்கு நடைபாதைக் கூடாரங்கள், போதையில் இரண்டாக மடிந்து நிற்கும் உடல்கள், ஒற்றை அறை வாடகை விடுதிகள். டெய்லர் தெருவைத் தாண்டும் இடத்தில் வானத்தை மறைத்துக்கொண்டு ஹில்டன் ஹோட்டல். சாலையின் இந்தப் பக்கம் ஹில்டன், அந்தப் பக்கம் கிளைடு நினைவு ஆலயம்.

உள்ளே போனதும் டீச்சர் செய்த முதல் காரியம், நம்மூர்க் கிறிஸ்தவர் எவரும் செய்வதுதான். சிலுவையைத் தேடினார். பலிபீடத்துக்குப் பின்னால் பார்த்தார், பக்கச் சுவர்களில் பார்த்தார். இல்லை. மேடையில் டிரம், கிட்டார், பாடகர் குழு நிற்பதற்கான படிகள். "இது கோயிலா, கச்சேரி ஹாலா?" என்றார், மகனுக்கு மட்டும் கேட்கும்படி.

சிலுவை ஒரு காலத்தில் இருந்தது. கிளைடு என்ற கால்நடைப் பண்ணைக்காரரின் மனைவி லிஸ்ஸி, கணவர் நினைவாக 1929இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி மெதடிஸ்ட் சபைக்காகக் கட்டிய கோயில் இது. கட்டி முடித்தது 1931இல். முப்பது வருடம் கழித்து அக்கம்பக்கம் மாறிவிட்டது, சபை மாறவில்லை. 1963இல் செசில் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் போதகர் வந்து சேர்ந்தபோது ஞாயிறு காலையில் இருந்தவர்கள் சுமார் முப்பத்தைந்து பேர், வசதியான வெள்ளைக்காரர்கள். வாசலுக்கு வெளியே இருந்த கூட்டத்தில் ஒருவரும் உள்ளே இல்லை.

டெக்சஸ் மாநிலத்தில் சான் ஆஞ்சலோ என்ற சிற்றூரில் 1929இல் பிறந்தவர் வில்லியம்ஸ். கறுப்பர்களுக்குத் தனி நாற்காலி, தனிக் குழாய் என்றிருந்த காலம். தெற்கு மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் இறையியல் பள்ளி கறுப்பின மாணவர்களை முதன்முதலில் சேர்த்துக்கொண்டபோது நுழைந்த ஐந்து பேரில் ஒருவர். கோயிலுக்குள் எங்கே உட்காரலாம் என்று அடுத்தவன் தீர்மானிக்கும் வாழ்க்கையை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1967இல் அவர் அந்தச் சிலுவையை இறக்கினார். சிலுவை சாவின் சின்னம், இங்கே கூடியிருக்கும் மனிதர்களே உயிர்ப்பின் சின்னமாக இருக்கட்டும் என்பது அவர் சொன்ன காரணம். பழைய சபையாரில் பலர் கோபித்துக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் விட்டுப்போன பெஞ்சுகளில் தெருவில் இருந்தவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

இந்த விளக்கத்தை மகன் போனில் படித்துச் சொன்னான். டீச்சருக்கு ஒப்பவில்லை. "சாவுச் சின்னந்தான். அதான் அதுல அர்த்தமே" என்றார். அந்த மறுப்பை அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் இந்தப் பயணம் இத்தனை சுவையாக இருந்திருக்காது.

பிறகு பாட்டு தொடங்கியது. 'கிளைடு என்செம்பிள்' என்ற பாடகர் குழு, கூடவே 'சேஞ்ச் பேண்ட்' வாத்தியக் குழு. ஞாயிற்றுக் கூடுகைக்கு இங்கே ஆராதனை என்ற பெயரில்லை, கொண்டாட்டம் என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளை முடிக் கறுப்பினப் பாட்டிகள், தாடிவைத்துப் பாவாடை கட்டிய ஓர் ஆள், கைகோத்தபடி இரண்டு கிழவர்கள், ஹில்டனிலிருந்து சாலையைத் தாண்டி வந்த சுற்றுலாக் குடும்பங்கள். பின்வரிசையில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்ட ஒருவர். அவரை யாரும் எழுப்பவில்லை. பக்கத்திலிருப்பவரைக் கட்டித் தழுவச் சொன்ன நேரத்தில் டீச்சர் பதறிப்போய்க் கைகூப்பிவிட்டார். எதிரே நின்ற பெரிய உருவம் ஒரு கணம் பார்த்துவிட்டு, அதே மாதிரி கைகூப்பியது. உதட்டுச்சாயம் பூசிய, குரல் கட்டையான உருவம். "திருநங்கையம்மா" என்றான் மகன். "எனக்குத் தெரியும்ல, பேசாம இரு" என்றார் டீச்சர்.

கிளைடில் திருநங்கைகள் நிற்பது நேற்று வந்த நாகரிகமல்ல. 1964இல் சான்பிரான்சிஸ்கோ போதகர்கள் சிலரும் ஒருபாலீர்ப்பினர் சிலரும் சேர்ந்து, சமயத்துக்கும் தங்களுக்கும் நடுவே இருந்த மௌனத்தை உடைக்க ஒரு மன்றம் தொடங்கினார்கள். கிளைடின் இளம் போதகர் டெட் மெக்கில்வென்னா அதன் முக்கியக் கை. அந்த மன்றத்துக்கு நிதி திரட்ட 1965 புத்தாண்டு இரவில் போல்க் தெருவின் கலிஃபோர்னியா ஹாலில் ஒரு நடன விருந்து வைத்தார்கள். வாசலில் போலீஸ் பெரிய விளக்குகளைப் போட்டு, நுழைகிறவர் ஒவ்வொருவரையும் புகைப்படம் எடுத்தது. படம் வெளியானால் வேலை போகும், வீடு போகும், அந்தக் காலம் அப்படி. தடுத்துக் கேட்ட வக்கீல்களைக் கைது செய்தது. மறுநாள் காலை போதகர்கள் கழுத்துப்பட்டை அணிந்தபடி பத்திரிகையாளர்களைக் கூட்டி, போலீஸ் நடந்துகொண்ட விதத்தைப் போட்டு உடைத்தார்கள். வழக்கு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. போலீஸ் தங்களை அடித்ததை ஒருபாலீர்ப்பினர் பல வருடம் சொல்லியும் காதில் வாங்காத ஊர், போதகர்கள் வாய் திறந்ததும் கேட்டது. இதில் பெருமையும் இருக்கிறது, கசப்பும் இருக்கிறது.

கிளைடிலிருந்து டெய்லர் தெருவில் இரண்டு தெரு இறங்கினால் டர்க் தெரு முனை. அங்கே நடைபாதையில் பதித்த ஒரு பட்டயத்தை மகன் காட்டினான். இந்த முனையில் காம்ப்டன்ஸ் கஃபேட்டீரியா என்ற சாப்பாட்டுக்கடை அந்நாளில் ராத்திரி பூராவும் திறந்திருந்தது. மது விடுதிகளில் இடமில்லாத திருநங்கைகளுக்கு உட்கார்ந்து காப்பி குடிக்க இருந்த சில இடங்களில் ஒன்று. 1966 ஆகஸ்டில் ஒரு நாள், அவர்களை விரட்ட வந்த போலீஸ்காரர் ஒருத்தியின் கையைப் பிடிக்க, அவள் காப்பியை அவர் முகத்தில் வீசினாள். தட்டுகள் பறந்தன, கண்ணாடிகள் நொறுங்கின, தெருவில் கைப்பைகளால் அடி விழுந்தது. நியூயார்க்கின் புகழ்பெற்ற ஸ்டோன்வால் கலவரத்துக்கு மூன்று வருடம் முந்தியது இது. செய்தித்தாள்கள் கண்டுகொள்ளாததால் நடந்த தேதிகூட நிச்சயமாகத் தெரியாது. வரலாற்றாசிரியர் சூசன் ஸ்ட்ரைக்கர் தேடி எடுத்து 2005இல் ஆவணப்படம் ஆக்கும்வரை ஊரே மறந்திருந்தது.

அந்த வட்டாரத்துத் தெருப் பிள்ளைகள் 'வேன்கார்ட்' என்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள், கூடும் இடம் கிளைடு. போலீஸ் தங்களைத் தெருவிலிருந்து 'பெருக்கித் தள்ளுவதை' எதிர்த்து, 1966இல் அந்தப் பிள்ளைகள் நிஜமாகவே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மார்க்கெட் தெருவைப் பெருக்கினார்கள். இதைக் கேட்டு டீச்சர் சிரித்த சிரிப்பு, முப்பது வருடம் வகுப்பறை நடத்தியவருடைய சிரிப்பு.

அந்த ஞாயிறிலிருந்து மூன்றாம் நாள் காலை அவர் அதே கோயிலுக்குத் திரும்பிப் போனார், இந்தத் தடவை வேலைக்கு. கிளைடின் இலவசச் சாப்பாடு அறுபதுகளின் கடைசியில் தொடங்கியது. பரிமாறுவதும் தட்டு எடுப்பதும் பெரும்பாலும் தன்னார்வலர்கள். முன்கூட்டி இணையத்தில் பதிவு செய்தால் போதும், நாட்டுக்காரரா, கிறிஸ்தவரா என்ற கேள்வி இல்லை. உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான வாரன் பஃபெட்டுக்கு இந்த இடத்தைக் காட்டியவர் அவருடைய முதல் மனைவி சூசன். இங்கே வந்து தொண்டு செய்துகொண்டிருந்தவர் அவர். அந்தப் பழக்கத்தில் 2000 முதல் பஃபெட் தன்னோடு ஒரு வேளை மதியச் சாப்பாடு சாப்பிடும் வாய்ப்பை ஏலம் விட்டுக் கிளைடுக்குப் பணம் திரட்டினார். 2022 ஏலத்தில் அந்த ஒரு சாப்பாட்டின் விலை 1 கோடியே 90 லட்சம் டாலர். உலகத்தின் மிக விலை கூடிய மதியச் சாப்பாடு, விலையில்லாத சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தது.

தலைக்கு வலைத்தொப்பி, கைக்கு உறை, சேலைக்கு மேல் ஏப்ரன். தட்டில் ரொட்டி எடுத்து வைப்பது டீச்சருக்குக் கொடுத்த வேலை. முதல் பத்து நிமிடம் கை ஓடவில்லை. பக்கத்தில் முட்டை வைத்துக்கொண்டிருந்த பெண், தானும் இதே வரிசையில் மூன்று வருடம் நின்றவள்தான் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். அதற்குப் பிறகு கை ஓடியது.

"நம்ம அசனம் மாதிரிதான்" என்றார் வெளியே வந்ததும்.

திருநெல்வேலிச் சீமையில் அசனம் என்றால் விளக்கத் தேவையில்லை. கோயில் பண்டிகையின் முத்தாய்ப்பான பொதுப்பந்தி. அண்டா அண்டாவாகச் சோறு வெந்து, வடித்துப் பாயில் மலைபோல் கொட்டிக் கிடக்கும். கறிக்குழம்பு வாளியில் வரும். சபையார், சபையாரல்லாதவர், பக்கத்து ஊர் இந்துக்கள், வழிப்போக்கர் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடலாம். கேட்கும்போது சமத்துவபுரம் போல இருக்கும். டீச்சருக்கு அதன் மறுபக்கமும் தெரியும். அவருடையது சாதி மாறிய கல்யாணம். இரண்டு வீடும் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள், ஒரே ஞானப்பாட்டுப் புத்தகம், ஆனாலும் கல்யாணத்தன்று கோயிலில் பாதி பெஞ்சு காலி. அதற்குப் பிறகு நாற்பது வருடமாக ஒரு ஞாயிறு தவறாமல் போகிறார், காணிக்கை போடுகிறார், ஞாயிறு பள்ளி நடத்தியிருக்கிறார். அசனக் கமிட்டியில் மட்டும் ஒரு தடவைகூட அவர் வீட்டாரைச் சேர்த்ததில்லை. "சாப்பிடக் கூப்பிடுவாங்க. கரண்டிய குடுக்க மாட்டாங்க." எந்தச் சபை என்று எழுத வேண்டாம் என்றார். எழுதினாலும் அது ஒன்று மட்டுமாக இருக்கப்போவதில்லை.

பழைய கதைதான் இது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்பியபோது தஞ்சாவூரில் பெருங்கலகம் மூண்டது. பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர், இன்றும் நாம் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயக சாஸ்திரியார். திருநெல்வேலி வடக்கன்குளத்துக் கத்தோலிக்கர்கள் ஒரு படி மேலே போய், இரு சாதியாரும் ஒருவர் முகம் ஒருவர் பாராமல் பூசை காண இரண்டு கிளையாகப் பிரியும் கோயிலையே கட்டிக்கொண்டார்கள். நடுச்சுவரை 1910இல் இடித்தவர் காசானெல் என்ற பாதிரியார். இடித்ததற்காக அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

அப்படியானால் கிளைடு சண்டையில்லாத இடமா என்றால், அதுவும் இல்லை. கொண்டாட்டத்தில் திருவிருந்து எங்கே, ஞானஸ்நானம் எங்கே, இது கிறிஸ்தவ ஆராதனைதானா என்று மெதடிஸ்ட் பேராயர் வெளிப்படையாகவே கேட்டார். 2018இல் சொத்து யாருடையது, அதிகாரம் யாருடையது என்று வழக்கு வந்தது. 2020இல் சமரசம் ஆகி, லிஸ்ஸி கிளைடு மெதடிஸ்ட்களுக்காகக் கட்டிய கோயில் மெதடிஸ்ட் சபையிலிருந்து பிரிந்தது. பேராயரின் கேள்வியை வெறும் பிற்போக்கு என்று தள்ளிவிட முடியாது. சிலுவையில்லாத சுவரைப் பார்த்து டீச்சர் கேட்டதும் அதே கேள்விதான். இன்னொரு பக்கம், அந்த மெதடிஸ்ட் சபையே 1972 முதல் தன் சட்டப் புத்தகத்தில் ஒருபாலீர்ப்பு கிறிஸ்தவ போதனைக்கு ஒவ்வாதது என்று எழுதி வைத்திருந்தது. அந்த வரியை நீக்கியது 2024இல். நீக்குவதா வேண்டாமா என்ற சண்டையில் அமெரிக்காவில் மட்டும் 7,600க்கும் மேற்பட்ட சபைகள் பிரிந்து போயிருந்தன. அதே 2024 ஏப்ரலில் செசில் வில்லியம்ஸ் 94ஆம் வயதில் இறந்தார். அவருக்கு மூன்று வருடம் முன்பே போய்விட்டவர் மனைவி ஜானிஸ் மிரிகிடானி. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்த முகாமில் கைக்குழந்தையாகக் கிடந்து, பின்னாளில் சான்பிரான்சிஸ்கோவின் அரசவைக் கவிஞர் ஆனவர். கிளைடின் அன்றாடத்தைக் கட்டி எழுப்பியதில் பாதிக்கு மேல் அவர் கை என்று அங்கே சொல்கிறார்கள்.

ஒருபாலீர்ப்பினர் அதிகம் வாழும் காஸ்ட்ரோ பகுதியை அவர்கள் ஒரு மாலையில் நடந்து முடித்தார்கள். எய்ட்ஸ் இந்தத் தெருக்களை வாரிக்கொண்டு போன எண்பதுகளில், டைமண்ட் தெருவின் கத்தோலிக்கப் பங்கு தன் பழைய கன்னியர் மடத்தைச் சாகக் கிடப்பவர்களுக்கான இல்லமாக மாற்றியது. 1987இல் அது திறந்தது. பெற்றவர்களே தொட மறுத்த பிள்ளைகள் கடைசி நாட்களை அங்கே கழித்தார்கள். டீச்சர் அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றார், ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு பொட்ரேரோ குன்று. சரிவான தெருவில் ஏறினால் ஒரு பக்கம் 2023இல் மூடிய பழைய ஆங்கர் பீர் ஆலை, எதிரே மரத்தால் ஆன, கூரை அடுக்கடுக்காக எழும் ஒரு கோயில். ருஷ்ய கிராமத்துக் கோயிலையும் ஜப்பானிய வீட்டையும் சேர்த்துக் கட்டியது போல இருந்தது. நிசா நகரப் புனித கிரகோரியார் ஆலயம். எபிஸ்கோப்பல் சபையைச் சேர்ந்தது, அதாவது ஆங்கிலிக்கன் குடும்பம். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்த சி.எஸ்.ஐ.க்கும் அந்தக் குடும்பத்தில் பங்கு உண்டு என்பதால், டீச்சருக்கு இது தூரத்துச் சொந்தம்.

உள்ளே அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றார். பலிபீட மண்டபத்தைச் சுற்றிச் சுவர் முழுக்க ஆளுயரத்துக்கு மேல் தொண்ணூறு பேர் கைகோத்து நடனமாடுகிறார்கள். நடுவில் அவர்களை நடத்திச் செல்லும் பன்னிரண்டு அடிக் கிறிஸ்து. கீழை நாட்டுச் சபைகளின் திருவோவியப் பாணியில், தலைக்குப் பின்னால் பொன் வட்டத்தோடு தீட்டியவர் மார்க் டியூக்ஸ். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனைப் புனிதராகக் கொண்டாடும் ஒரு சபை இந்த ஊரில் இருக்கிறது, அதில் உதவிக் குருவாக இருந்தவர் டியூக்ஸ். இங்கே ஆடும் கூட்டத்திலும் கோல்ட்ரேன் உண்டு. அவிலா தெரேசா, முதலாம் எலிசபெத் ராணி, மால்கம் எக்ஸ், ஆன் ஃபிராங்க், பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். கதர் வேட்டி கட்டிய ஒரு மொட்டைத்தலையும் ஆடுகிறது.

"காந்தித் தாத்தா எங்கேயிருந்து வந்தாரு?"

"அவங்க கூட்டத்துல சேத்துக்கிட்டாங்க."

"ஞானஸ்நானம் இல்லாமலா?"

இந்தக் கேள்விதான் அந்தக் கட்டடத்தின் அச்சாணி. நம்மூர்க் கோயில்களில் ஞானஸ்நானத் தொட்டி பெரும்பாலும் நுழைவாயிலை ஒட்டி இருக்கும். முதலில் நீர், பிறகுதான் பந்தி. டீச்சர் சின்ன வயதில் திடப்படுத்தல் ஆகும்வரை, பெரியவர்கள் முழங்காலிட்டு அப்பம் வாங்குவதைப் பின்பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர். இங்கே வாசலில் நுழைந்தால் எதிரே இருப்பது மேசை. தொட்டி அதைத் தாண்டி, பின்கதவுக்கு வெளியே திறந்தவெளியில், பாறையோடு பாறையாக இருக்கிறது. ஞானஸ்நானம் பெற்றவருக்கே திருவிருந்து என்பது எபிஸ்கோப்பல் சபையின் சட்டம். இந்தக் கோயிலோ, வந்திருக்கும் யாராக இருந்தாலும் நீட்டுகிறது. பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று இயேசுவின் மேல் ஊர்ப் பெரியவர்கள் சுமத்திய புகாரை, லூக்கா சுவிசேஷத்திலிருந்து எடுத்து அந்த மேசையிலேயே கிரேக்கத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள். வசையைப் பெயர்ப்பலகையாக்கிக்கொண்ட துணிச்சல்.

1999இல் ஒரு நாள் காலை அந்த மேசைக்கு சாரா மைல்ஸ் என்ற பெண் வந்தார். நாத்திக வீட்டில் வளர்ந்தவர், ஒரு காலத்தில் ஓட்டல் சமையல்காரி, மத்திய அமெரிக்கப் போர்களை எழுதிய பத்திரிகையாளர், ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துபவர். என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று உள்ளே நுழைந்தவரின் கையில் யாரோ ஒரு துண்டு ரொட்டியை வைத்தார்கள். அது தன்னை என்ன செய்தது என்று அவருக்கே விளங்கவில்லை. விளங்காததைக் கையால் செய்து பார்க்கும் சமையல்காரி புத்தி அவருக்கு. அடுத்த வருடமே அதே மண்டபத்தில், அதே மேசையைச் சுற்றி, உருளைக்கிழங்கும் வெங்காயமும் தானியமும் குவித்து, வெள்ளிக்கிழமைகளில் இல்லாதவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். அடையாள அட்டை வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம். சபைக்குள் முணுமுணுப்பு எழாமல் இல்லை. ஆனால் வாங்க வந்தவர்களே கொஞ்ச நாளில் கோணி பிரிக்கவும் பெட்டி தூக்கவும் நின்றுவிட்டார்கள். அவர் 2007இல் எழுதிய 'டேக் திஸ் பிரெட்' என்ற புத்தகம் இதைச் சொல்கிறது. இதைக் கேட்டபோது டீச்சர் மகனை ஒரு பார்வை பார்த்தார். கரண்டி கொடுத்திருக்கிறார்கள், என்பது அந்தப் பார்வை.

ஆராதனையின் முதல் பாதி, எதிரெதிராகப் போட்ட நாற்காலிகளில். யாருடைய பின்னந்தலையையும் பார்க்க வேண்டியதில்லை. எத்தியோப்பியக் கோயில்களில் இருப்பது போன்ற ஜரிகைக் குடைகள், ஆப்பிரிக்கத் துணியில் தைத்த அங்கிகள், மணி, முரசு. பிறகு எல்லாரும் எழுந்து, முன்னால் நிற்பவர் தோளில் கை வைத்து, தாளத்துக்கு அடிவைத்துப் பலிபீட மண்டபத்துக்கு நகர்ந்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் விளையாடும் ரயில் வண்டி போல. டீச்சர் நெளிந்தார். தோளில் ஒரு கை விழுந்துவிட்டது, அதனால் முன்னால் இருந்த தோளில் தானும் வைத்தாக வேண்டியிருந்தது. கும்மி அடித்த கால்கள், இரண்டாவது சுற்றில் தாளம் பிடித்துக்கொண்டன. மகனுக்குத்தான் கடைசிவரை வரவில்லை.

ரொட்டி சுற்றி வந்தது. ஒரு சிறுமி இரண்டு தடவை வாங்கிக்கொண்டாள்.

முடிந்ததும் நடந்ததற்கு டீச்சர் தயாராக இல்லை. திருவிருந்துப் பாத்திரங்கள் போன அதே மேசைமேல் காப்பிப் பாத்திரம் வந்தது, பிறகு கேக், வெட்டிய பழம், காகிதக் கோப்பைகள். சுற்றி நின்று சாப்பிடத் தொடங்கினார்கள். பாளையங்கோட்டையில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் போக கோயில்பிள்ளைகூடச் செருப்பைக் கழற்றுவார். டீச்சர் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார், குடிக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் கேக் தட்டை நீட்டினார். வாங்க ஒரு கை வேண்டும். கோப்பையை மேசையில் வைக்கச் சொல்லிச் சாடை காட்டினார்.

இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை உருவி, நாலாக மடித்து அந்த மரத்தின்மேல் விரித்து, அதன்மேல் கோப்பையை வைத்தார் டீச்சர். கேக்கை வாங்கிக்கொண்டார். பாதியைப் பிட்டு மகனிடம் கொடுத்துவிட்டு, தாடிக்காரரிடமிருந்து தட்டை வாங்கி, அடுத்து நின்றவருக்கு நீட்டினார்.